வெறும் பதினைந்து

பெட்டி கட்டிலின் நடுவில் இருந்தது. அதற்கு இடம் விட்டுக் கட்டிலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் முத்துவீரன். நேற்று மத்தியானம் அது வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் சரியாகப் படுக்கவில்லை. மழைச்சாரல் பட்டுவிடும் என்று ஜன்னலைச் சாத்தினார், புகை பட்டுவிடும் என்று அடுப்பங்கரைக் கதவைச் சாத்தினார். பூனை உள்ளே வந்தபோது அதை விரட்டிய வேகத்தைப் பார்த்து, தன்னைக்கூட இந்த மனிதர் இத்தனை வருடத்தில் இப்படிக் காவல் காத்ததில்லை என்று வேலம்மா நினைத்துக்கொண்டாள்.

அவள் அப்போதுதான் ஸ்டோரிலிருந்து வந்திருந்தாள். எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலை ஆலையை எல்லோரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு அங்கே சல்லடை அறையில் வேலை. புருவத்திலும் காது மடலிலும் பழுப்பாகத் தூள் அப்பிக் கிடக்கும். முகம் கழுவும் முன்பே லயத்தின் ஒட்டிய வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவிலிருந்து செல்லச்சாமி வந்துவிட்டார். வேலை ஓய்ந்த பிறகு லயத்தில் நடக்கும் எல்லா விசயத்துக்கும் ஒரு தலையைக் காட்டுகிறவர் அவர்.

"இதுதானா லெப்டொப்பு? சீல ஒடச்சுப் பாக்கலயா?"

"ஒடச்சா கடையில திருப்பி எடுக்க மாட்டான்ணே" என்றார் முத்துவீரன்.

"ஒடைக்காட்டி சரியான சாமானா இல்லையான்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது."

"தெரிஞ்சுக்கணும்னா ஒடைக்கணும். ஒடச்சுட்டா திருப்பிக் குடுக்க முடியாது." செல்லச்சாமி பெட்டியையும் முத்துவீரனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கலியாணம் மாதிரின்னு சொல்லு."

முத்துவீரன் சிரிக்கப் பார்த்தார். மனைவியின் முகத்தைக் கண்டதும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நிரோஜா அவர்களுக்கு ஒரே பிள்ளை. கொழும்புப் பக்கம் கம்பஸில் கட்டடக்கலை படிக்கப் போய் மூன்று மாதமாகிறது. புதன்கிழமை அவள் அனுப்பிய செய்தி வேலம்மாவின் போனில் இன்னும் இருந்தது. 'நோவிரா 15 பிளஸ். பிளஸ்தான் அம்மா. வேற எது குடுத்தாலும் வேணாம்.' இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை சொல்ல முடியாது. வியாழக்கிழமை வேலம்மா லீவு போட்டுவிட்டு மாத்தளைக்குப் பஸ் ஏறினாள். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நோவிராக்கள் வரிசையாக விரித்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே தடிப்பு, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. கடையில் நின்ற றம்ஸிக்கு முப்பது வயதிருக்கும், நல்ல மரியாதையான ஆள், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பவர். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இது பதினஞ்சு. இது பதினஞ்சு எஸ். இது பதினஞ்சு ப்ரோ பிளஸ். அந்தா அது ஸ்லிம் பதினஞ்சு."

"பிளஸ் எது தம்பி?"

"பிளஸ் முடிஞ்சி அக்கா. அடுத்த மாசந்தான் வரும். ப்ரோ பிளஸ் எடுங்களேன், அது இதவிட மேல."

"என்ன மேல?"

றம்ஸி கொஞ்சம் யோசித்தார். "பேர்லயே ப்ரோவும் ஈக்கி, பிளஸ்ஸும் ஈக்கி."

விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. வேலம்மா மகளுக்கு நான்கு தரம் போன் எடுத்தாள். வகுப்பில் இருந்த பிள்ளை போனை அணைத்து வைத்திருந்தது. அடுத்த மாதம் வரை இருக்க முடியாது. திங்கட்கிழமை காலையிலிருந்து எல்லோரும் சொந்த மிஷினில் வரைய வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் அவள் எப்படி வரைந்தாள் என்பது வேலம்மாவுக்குப் போன வாரம்தான் தெரியும். அதையும் நிரோஜா சொல்லவில்லை. கூடத் தங்கியிருக்கும் தர்ஷிகா, போனை வாங்கிப் பேசியபோது வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "நான் மத்தியானம் சாப்புடப் போற நேரம் அவ என்னோட லெப்டொப்புல வரைவா ஆன்ட்டி. நான் திரும்பி வர்றதுக்குள்ள முடிக்கணும்னு சாப்புடவே வரமாட்டா." மூன்று மாதமாகப் பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை. அந்த நினைப்போடுதான் வேலம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

ஒரு பொருளின் பெயரை வைத்து அதன் தரத்தைச் சொல்வது அவளுக்குப் புதிதல்ல. அவள் பிழைப்பே அதுதான். ஒரே மலைக் கொழுந்து, ஒரே ரோதையில் அரைபட்டு, ஒரே அடுப்பில் காய்ந்து வரும். சல்லடைதான் அதைச் சாதி பிரிக்கும். மேல் சல்லடையில் தங்குவது ஒன்று, கீழே விழுவது ஒன்று, அதற்கும் கீழே விழுவது இன்னொன்று. பி.ஓ.பி. என்ற ரகத்துக்குப் பார்வைக்கு ஒரு பருமன் இருக்கும். அதிலிருந்து நழுவி விழும் பொடிக்கு வாலில் ஓர் எழுத்தைச் சேர்த்து பி.ஓ.பி.எஃப். என்று சாக்கில் மை அடிப்பார்கள். வாலில் எழுத்து கூடினால் தூள் சிறுத்துவிட்டது என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் நீளமான பெயர்தான் உயர்ந்த சாதி என்று நினைத்துக்கொள்வார்கள். வேலம்மா அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

பதினைந்து. பதினைந்து எஸ். பதினைந்து ப்ரோ பிளஸ். வால் நீண்டுகொண்டே போனது.

"இந்த வெறும் பதினஞ்சக் குடுங்க தம்பி" என்றாள்.

அன்று பின்னேரம் நிரோஜா பேசினாள்.

"வெறும் பதினஞ்சா?"

"வெறும் பதினஞ்சுதான்."

நிரோஜா மெதுவாகச் சொன்னாள். "கட்டடத்த எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி வரையணும்மா. அதுக்குத் தனியா ஒரு கார்டு உள்ள இருக்கணும், கிராபிக்ஸ் கார்டு. அது இல்லாட்டி படம் அசையாம நின்னுரும். சீனியர் அக்கா பிளஸ்தான் வெச்சிருக்காங்க, அதுல இருக்கு. இப்பதான் அந்தக் கம்பனியோட பக்கத்தப் பாத்தேன். பதினஞ்சுங்கற ஒரே பேர்ல நாலு மிஷின் போட்டிருக்கான். ஒன்னுலதான் கார்டு இருக்கு. மத்த மூனுல இல்ல."

"பெட்டி மேல போட்டிருக்குமே புள்ள, பாக்கட்டா?"

வேலம்மா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். விவரம் அச்சடித்திருந்த இடத்தின் மேலேயே கடைக்காரர்கள் தங்கள் வாரண்டி ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். 'அகற்றினால் உத்தரவாதம் செல்லாது' என்று மூன்று மொழியிலும் போட்டிருந்தது. அதற்குக் கீழே கோடு கோடாக ஒரு கட்டமும் குட்டி எழுத்துகளும்தான் தெரிந்தன.

"சரி விடும்மா. பரவால்ல. சனிக்கிழம நான் வாறேன், போய் மாத்திக்கலாம்."

பிள்ளை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் வேலம்மாவுக்கு இலேசாக இருந்திருக்கும். அந்தப் 'பரவால்ல'தான் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நெஞ்சில் கிடந்து அரைத்தது. எழுதிக் கொடுத்த ஒரு பெயரைக்கூடச் சரியாக வாங்கி வரத் தெரியாத அம்மா. சாக்குக்கு மை அடிக்கிறவள் சாக்கோடு நின்றிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாத்தளை பஸ்ஸில் உட்கார்ந்தாள். வழியனுப்ப வந்த முத்துவீரன், வளைவு வரும்போதெல்லாம் பெட்டியை இறுக்கிப் பிடிக்கும்படி மூன்று தரம் சொன்னார். நான்காவது தரம் கண்டக்டரிடமும் சிங்களத்தில் சொன்னார். கண்டக்டர் போர்வையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை தூங்குகிறதா?" என்று அதே சிங்களத்தில் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. வேலம்மாவும் சிரித்தாள். உக்குவெலை தாண்டும் வரை போர்வைக்குள்ளே ஸ்டிக்கரின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். கிழிந்தாலும் பரவாயில்லை என்று ஒரு மனம் சொன்னது.

பஸ் நிலையத்தில் நிரோஜா நின்றிருந்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. சட்டையின் தோள் தையல் கை வரைக்கும் இறங்கியிருந்தது. வேலம்மா அதைப் பார்த்தாள்.

"சாப்புட்டியா?"

"வர்ற வழியில பிஸ்கட் சாப்புட்டேம்மா. மொதல்ல கடைக்குப் போவோம்."

கடையில் றம்ஸி வேலம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீல் உடையவில்லை என்றதும் அவர் முகமும் தெளிந்தது.

"மாத்தலாம், பிரச்சின இல்ல. ஆனா பிளஸ் இன்னும் வரல்ல. ப்ரோ பிளஸ்தான் ஈக்கி. நான் அண்டைக்கே அக்காக்குச் செல்லினன்."

நிரோஜா உதட்டைக் கடித்தாள். "அதுல கார்டு இருக்குமா அண்ணே?"

"ப்ரோன்னா இல்லாம ஈக்குமா?"

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயம்னு..." றம்ஸி தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, உண்மையச் செல்லுறன். இந்தக் கம்பனிக்காரன் ஒரு வருஷத்துக்கு இருவது பேர் வெக்கிறான். விக்கிற எங்களுக்கே வெளங்குற இல்ல. ஆனா பிளஸ்ஸவிட ப்ரோ பிளஸ் மேலயாத்தானே ஈக்கணும்? நீங்களே செல்லுங்க."

நிரோஜா தலையை ஆட்டினாள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. திங்கட்கிழமைக்கு இடையில் ஒரேயொரு நாள்தான் இருந்தது. "சரி, அதையே மாத்திக் குடுங்க" என்றாள். றம்ஸி வெறும் பதினைந்தைக் கண்ணாடிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தார். அதுவும் அதே அளவு, அதே நிறம். அதிலும் விவரத்தை மறைத்துக்கொண்டு அதே ஸ்டிக்கர்.

வேலம்மா பேசாமல்தான் நின்றாள். தன் வாயால் வந்த வினை, இனி வாய் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே தீர்மானம் செய்திருந்தாள். ஆனால் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, ஸ்டோரின் பின்வாசலில் லொறிக்குக் காத்திருக்கும் சாக்குகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு சாக்கில் ஒரே பெயர் இருக்கும். ஒன்று வெயில் நாளில் காய்ந்த தூள், மற்றது மழை நாளில் காய்ந்தது. குடித்தால் இரண்டும் இரண்டு ஊர். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா பெயரைக் கேட்டு ஒருநாளும் பதில் சொன்னது கிடையாது. அவர் கேட்கிற கேள்வியே வேறு.

"தம்பி" என்றாள். "இதுக்கு இன்வொய்ஸ் நம்பர் ஒன்னும் இல்லையா?"

"பில்லா? பில் உங்ககிட்டத்தானே ஈக்கி?"

"பில்லு இல்ல தம்பி. எங்க ஸ்டோர்ல சாக்குக்குச் சாதிப் பேரு மட்டும் அடிக்க மாட்டோம். ஒரு நம்பரும் அடிப்போம். கொழும்புல ஏலத்துல எவனாவது தூளு சரியில்லன்னு சொன்னா, ஐயா பேரக் கேக்க மாட்டாரு. நம்பரச் சொல்லும்பாரு. அத வெச்சு எந்த நாள் அரைச்சது, எந்த அடுப்புல காஞ்சது, எல்லாத்தையும் புத்தகத்துல பாத்து எடுத்துருவாரு. பேரு நூறு சாக்குக்குப் பொது. நம்பரு பொது இல்ல." அவள் குனிந்து ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த குட்டி எழுத்துகளைச் சுட்டிக் காட்டினாள். "ரெண்டு நாளா இதையே தடவிக்கிட்டு இருக்கேன். இது என்னது?"

றம்ஸி குனிந்து பார்த்தார். நிரோஜாவும் குனிந்தாள். இரண்டு தலைகளும் இடித்துக்கொள்ளப் போயின.

"பார்ட் நம்பர்" என்றாள் நிரோஜா. "கம்பனிப் பக்கத்துல இத அடிச்சா இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது மட்டும் வரும். ஐயோ. எனக்கு ஏன் இது தோணல?"

றம்ஸி கடைக் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். நிரோஜா எழுத்து எழுத்தாக வாசித்தாள், அவர் ஒற்றை விரலால் அடித்தார். முதலில் ப்ரோ பிளஸ்ஸின் நம்பர். திரையில் ஒரு பட்டியல் இறங்கியது. நிரோஜாவின் கண்கள் அதன் கூடவே இறங்கி, அடி வரைக்கும் போய், மறுபடி மேலே வந்தன.

"இல்ல" என்றாள். "கார்டு இல்ல. பாரம் குறைவு. ஒபிஸுக்குக் கொண்டு போறவங்களுக்கு."

றம்ஸி வெறும் பதினைந்தின் பெட்டியை மறுபடி முன்னால் இழுத்தார். அடுத்த நம்பரை அடித்தார். வேலம்மாவுக்கு அந்தத் திரையில் ஒரு வரியும் புரியப் போவதில்லை. அவள் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிரோஜா வாசித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். விரலை எடுத்துத் திரையின் மேலேயே வைத்தாள். விரல் அங்கிருந்து நகரவில்லை.

"என்ன புள்ள?"

"இருக்கும்மா."

"என்ன இருக்கு?"

"கார்டு. இதுல இருக்கு. நீ வாங்குனதுல இருக்கு."

வேலம்மா பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதிரிக் கூச்சமாக இருந்தது.

றம்ஸி இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கே விசயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. "இங்க பாருங்க. போன வருஷம் பிளஸ்னு வந்த மிஷினத்தான் இந்த வருஷம் வெறும் பதினஞ்சுன்னு எங்களுக்கு அனுப்பி ஈக்கிறான். பேர மட்டும் மாத்தி."

"அப்ப இந்த வருஷத்துப் பிளஸ்?" என்று கேட்டாள் நிரோஜா.

றம்ஸி பழைய பில் ஒன்றைத் தேடி எடுத்து, விற்றுத் தீர்ந்த பிளஸ் ஒன்றின் நம்பரையும் அடித்தார். பட்டியலை இரண்டு பேரும் வாசித்தார்கள். நிரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இல்ல."

"இல்லதான்" என்றார் றம்ஸி.

"நான் சொன்ன பிளஸ் அன்னைக்கு இருந்திருந்தா, அம்மா அதையே வாங்கியிருப்பாங்க. கம்பஸுக்குக் கொண்டு போயி சீலயும் ஒடச்சிருப்பேன்." அவள் முகம் வெளுத்துப்போய், பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பாக மாறியது. "சீனியர் அக்கா வெச்சிருக்கறது போன வருஷத்து மிஷினு. நான் பேரக் கேட்டேன். வருஷத்தக் கேக்கல."

"அக்கா, அண்டைக்கு எப்பிடி இத எடுத்தீங்க?" றம்ஸி வேலம்மாவின் பக்கம் திரும்பினார். "நான் அவ்வளவு செல்லியும் ப்ரோ பிளஸ்ஸத் தொடவே இல்லயே."

வேலம்மா சல்லடைக் கணக்கைச் சொன்னாள். வாலில் எழுத்து கூடினால் தூள் சிறுத்துவிடும் என்று சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. றம்ஸி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கண்ணாடிக்குள் மூலையிலிருந்த ஒரு சின்ன மிஷினைக் காட்டினார்.

"அது வெறும் பதினாலு. அதுக்கு வாலே இல்ல. அதுலதான் எல்லாத்தயும்விடக் கொறவு. உங்கட கணக்கு இங்க சரி வராதுக்கா."

"அப்ப நான் எடுத்தது குருட்டாம்போக்கா?"

"எடுத்தது குருட்டாம்போக்குதான்" என்றாள் நிரோஜா. பின்னால் வந்து அம்மாவின் இரண்டு தோளிலும் கை வைத்தாள். "கேட்ட கேள்வி குருட்டாம்போக்கு இல்ல."

றம்ஸி ப்ரோ பிளஸ் பெட்டியைக் கையிலெடுத்தார். அலமாரியில் வைக்கப் போனவர் நின்று, அதைப் புரட்டி அடியில் இருந்த நம்பரை ஒரு தரம் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 'கார்ட் இல்லை' என்று எழுதினார். அடுத்த பெட்டியையும் இறக்கினார். அவர்கள் வெளியே வரும்போது நான்காவது பெட்டியின் நம்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

தெருவில் இறங்கியபோது மணி ஒன்றரை. வெயில் நேர் தலைக்கு மேல் இருந்தது. வேலம்மாவின் போன் கூப்பிட்டது. முத்துவீரன்.

"மாத்தியாச்சா?"

"மாத்தல."

"ஐயோ, மாத்த மாட்டேன்னுட்டானா? நான் வரட்டா? செல்லச்சாமி அண்ணனையும் கூட்டிக்கிட்டு..."

"மாத்த வேண்டியதில்ல. இதுதான் சரியான சாமானாம்."

முத்துவீரன் பக்கத்தில் யாரிடமோ, "அதேதானாம்ணே, மொதல்ல எடுத்ததேதானாம்" என்று சொல்வது கேட்டது. "இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி நீ எடுத்ததும் அப்பிடித்தான் போல" என்று செல்லச்சாமி சொன்னதும் தெளிவாகக் கேட்டது. வேலம்மா போனை அணைத்தாள்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் அவளே முதலில் ஏறினாள். நிரோஜா மறுக்கவில்லை. பெட்டியைத் தரையில் வைக்க மனம் வராமல் மூன்றாவது நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பரிமாறுகிறவர் மூன்று தட்டு கொண்டு வந்தார். போர்வையைப் பார்த்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்துப் போனார். சோறு வந்தது, பருப்பு வந்தது, பலாக்காய்க் கறி வந்தது. நிரோஜா தலை நிமிராமல் சாப்பிட்டாள். மூன்று மாதக் கதையை இப்போது கேட்டால் சொல்வாள் என்று வேலம்மாவுக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. தன் தட்டில் கையை வைத்தபடி, எதிரே மகளின் கை சோற்றைப் பிசைவதையும் உருட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் பென்சில் கரி ஏறியிருந்தது.

சோற்று வாளியோடு பரிமாறுகிறவர் மறுபடி வந்தார். வீட்டிலென்றால் நிரோஜா இந்த இடத்தில் தட்டின் மேல் கையைக் குறுக்கே நீட்டி மறைப்பாள். அவர் கரண்டியைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, எப்போது போதும் என்பார்கள் என்று பார்த்து நின்றார். நிரோஜா பருப்புப் பட்ட கையை மேசையில் ஊன்றியபடி, மற்றக் கையைப் பக்கத்து நாற்காலியிலிருந்த போர்வையின் மேல் வைத்துக்கொண்டு, சோறு விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.